அறுபதில் நின்ற முள்ளும் மோசஸ் அண்ணாச்சியும்

மோசஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் என் பேத்தியின் கைபேசியில் வந்தது. அவளுக்குத் தமிழ் படிக்கத் தடுமாறும். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "ஆச்சி, கோவண்டி மோசஸ் தாத்தா தவறிட்டாராம்" என்றாள். கோவண்டியில் எனக்குத் தெரிந்து இரண்டு மோசஸ் உண்டு. ஒருவர் சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர். இன்னொருவர் நம்முடைய அண்ணாச்சி. "எந்த மோசஸ்னு பாரு. மீட்டர் மோசஸா, ஆர்மோனிய மோசஸா?" என்று கேட்டேன். "அதெல்லாம் போடல ஆச்சி. மோசஸ்னு மட்டுந்தான் இருக்கு" என்றாள்.

தாராவியிலிருந்து கோவண்டி போய்ச் சேரும்வரை ஆட்டோவில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அண்ணாச்சியாக இருக்கக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டால், அந்த ஆர்மோனியக்காரர் சாகட்டும் என்று கும்பிட்டதாகிவிடும். அவரும் நல்ல மனிதர்தான். அதனால் எதையும் வேண்டிக்கொள்ளாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருமுனையில் ஆட்டோ நின்றதும் முதலில் கண்ணில் பட்டது ஆர்மோனிய மோசஸ்தான், வெள்ளைச் சட்டையும் கையில் பாட்டுப் புத்தகமுமாக. அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் பதறிப்போய், "என்னம்மா, என்னாச்சு?" என்று ஓடி வந்தார். உயிரோடு நிற்கிற மனிதரைப் பார்த்து நான் ஏன் அழுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அடக்கம் முடிந்த பிறகு அண்ணாச்சியின் மகள் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, நினைவு ஜெபக் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எங்கள் சாலில், அந்த வரிசை வீடுகளில், ஊருக்குக் கடிதம் எழுத எத்தனையோ பேர் என்னிடம் வந்து உட்கார்ந்ததுண்டு. என் எழுத்து கோணாது. அதனால் சரி என்றேன். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால், அண்ணாச்சி எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு வரி எழுத முடியவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்துக்குப் பிறகும் ஒரு விஷயத்தில் அவர் எனக்கு விளங்கவே இல்லை. அதைத்தான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் யாராவது விளங்கிக்கொண்டால் சரி.

இளம்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளில் அண்ணாச்சிக்குச் சயான் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்ஷாப் இருந்தது. தகரக் கூரை, வாசலில் ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். ஆனால் மாட்டுங்காவில் கார் வைத்திருந்த தமிழ்க்காரர்களில் பாதிப் பேர் அங்கேதான் வண்டி கொண்டுவருவார்கள். சாயர்புரத்துப் பக்கத்துக்காரர். அடக்கமாகப் பேசத் தெரியாதவர். "என் கை பட்ட வண்டி மறுபடி என்கிட்டதான் வரும், வேற எவன்கிட்டயும் போவாது" என்பார். "தெரியாதுங்கிற வார்த்தைய எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கல" என்பார். அவர் சொல்வதில் பாதி தப்பாகப் போகும். போனாலும் குரல் இறங்காது. யாராவது சுட்டிக் காட்டினால், "தப்புன்னு தெரியுத வரைக்கும் நான் சொல்லுததுதாம்வே சரி" என்று முடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். என் குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் முத்தையா, கல்யாணமான புதிதில் தாராவித் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். கை முழுக்க வெடிப்பு. சோற்றில் கை வைத்தால் உப்புப் பட்டு எரியும் என்று நான்தான் பிசைந்து உருட்டிக் கொடுப்பேன். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாச்சியின் ஒர்க்ஷாப்பில் நின்று கார் ஓட்டப் படித்துக்கொண்டார். லைசென்ஸ் வந்ததும் அண்ணாச்சியே அவரை மாட்டுங்காவில் ஒரு மாமியிடம் கூட்டிக்கொண்டு போனார். "அம்மா, இவரு ஓட்டினா நீங்க பின்னால இருந்து காபி குடிக்கலாம். ஒரு சொட்டுச் சிந்தினா என்னைக் கேளுங்க" என்று சொல்லி வேலையும் வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் வெடிப்பெல்லாம் ஆறி, அவர் தன் கையாலேயே சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு அந்த வேலை என்றால் அந்தக் கைதான்.

அந்த மாமி கணவரை இழந்தவர். அவருடைய கணவர் ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கிய கார் அது. யுத்தத்துக்கு முந்தினது. கரும்பச்சை நிறம். முன்னால் நட்ட நடுவில் தாம்பாளம்போல வட்டமாக ஒரு மீட்டர். வண்டி எத்தனை மைல் வேகத்தில் போகிறது என்று அதில் ஒரு முள் காட்டும். இன்றைக்கு அந்த மாதிரிக் காரைச் சுற்றிக் கயிறு கட்டிக் கண்காட்சியில் வைக்கிறார்கள். அப்போது அது மாமியைக் கோயிலுக்கும், காய்கறி வாங்கவும், செம்பூரில் தங்கை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போனது. மாமியின் தம்பி ஒருவர் லோனாவ்லா மலைப்பாதையில் வேகமாகப் போய் இறந்தவர். அதனால் மாமி பின்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க மாட்டார். முள்ளைத்தான் பார்ப்பார். முப்பதைத் தொட்டால் முத்தையாவின் தோளில் விசிறிக் காம்பால் ஒரு தட்டு விழும்.

மார்கழி பிறந்த சமயம் ஒரு காலை, கிங் சர்க்கிளைத் தாண்டும்போது முள் கிடுகிடுவென்று ஏறி அறுபதில் போய் நின்றுவிட்டது. வண்டி என்னவோ மாட்டு வண்டிபோலத்தான் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு நடந்ததை என் வீட்டுக்காரர் வந்து அப்படியே நடித்துக் காட்டினார்.

"ஏண்டா முத்தையா, எமலோகத்துக்கா போறே? நிறுத்துடா!"

"அம்மா, மெதுவாத்தாம்மா போறேன். அந்தா பாருங்க, சைக்கிள்காரன் நம்மள முந்திக்கிட்டுப் போறான்."

"அவன் எப்படிப் போனா நேக்கென்ன? நீ அறுபதுல போறே, முள்ளு சொல்றதே!"

"அப்ப அந்தச் சைக்கிளு எழுபதுல போவுதா அம்மா?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய கணவர் உயிரோடு இருந்தபோது, மனுஷாள் வார்த்தையை நம்பாதே, முள்ளை நம்பு என்று சொல்லியிருக்கிறாராம். ஜன்னலுக்கு வெளியே தெருவே நகராமல் நின்றாலும் மாமி முள்ளைத்தான் நம்புவார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கடைசியில், "சங்கராந்தி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள இந்த வேகம் குறையலேன்னா வேற டிரைவரைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமியின் வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல்தான் ஒர்க்ஷாப்புக்கு வண்டி கொண்டுபோக முடியும். அண்ணாச்சி பார்த்த மாத்திரத்தில், "கேபிள்தாம்வே" என்றார். சக்கரம் சுற்றுகிற சுற்றை ஒரு முறுக்குக் கம்பி மீட்டருக்குக் கொண்டுபோகிறது, அதைத்தான் கேபிள் என்பார்கள். அது அறுந்திருக்கும் என்றார். என் வீட்டுக்காரர், "அறுந்தா முள்ளு கீழல்லா விழணும் அண்ணாச்சி, இது மேலல்லா போவுது" என்று கேட்டாராம். அண்ணாச்சி கொஞ்சம் கூட யோசிக்காமல், "அதத்தான் நானும் சொல்ல வாரேன்" என்றிருக்கிறார். கழற்றிப் பார்த்தால் கேபிள் நன்றாகத்தான் இருந்தது. வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். முள்ளும் ஒழுங்காகத்தான் இருந்தது. முப்பதில் போனால் முப்பது, இருபதில் போனால் இருபது. மறுநாள் காலை, மாமி ஏறியதும், மறுபடி அறுபது.

அடுத்து டயர் என்றார். டயர் தேய்ந்து சிறுத்துவிட்டால் சக்கரம் கூடுதலாகச் சுற்றும், மீட்டரும் கூடுதலாகக் காட்டும் என்பது அவர் கணக்கு. அப்படியானால் வேகம் மட்டுமில்லை, ஓடிய தூரத்தையும் மீட்டர் கூட்டித்தான் காட்ட வேண்டும். மைல்கல்லை வைத்துச் சோதித்துவிடலாம் என்றார். அந்த வாரம் மாமி தன் தையல் மெஷினைச் செம்பூர் தங்கைக்கு அனுப்பினார். பின்சீட்டில் அது சாயாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆக, அந்த மத்தியானம் முன்னால் இந்த இருவரும், பின்னால் தையல் மெஷினைப் பிள்ளைபோலக் கட்டிக்கொண்டு நானும், டிராம்பே ரோட்டில் கல் எண்ணிக்கொண்டு போனோம்.

ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குப் போவதற்குள் மீட்டர் ஒரு மைல் காட்ட வேண்டும். அது அரை மைலும் கொஞ்சமும்தான் காட்டியது. அண்ணாச்சிக்கு முகம் மாறிவிட்டது. அடுத்த கல்லிலும் அதே. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி அந்தக் கல்லையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"முத்தையா, காலையில முள்ளு அறுபதுக்குப் பறக்கு, இப்பம் மைல் எண்ணு பாதி வழியில நிக்கி. ஒரே மீட்டருக்குள்ள ரெண்டு பேய் ஒக்காந்திருக்குவே."

"டயருன்னு சொன்னீரே அண்ணாச்சி."

"டயர்லயும் ஒரு பேய் இருக்கும்."

பக்கத்தில் ரோட்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு மராட்டியர் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று இந்தியில் கேட்டார். அண்ணாச்சி சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "அரே பாய், மைல் கா ஜமானா கயா!" என்றார். மைல் காலமெல்லாம் போய்விட்டதாம். பழைய மைல்கல்லை எல்லாம் பிடுங்கிவிட்டார்களாம். இப்போது நட்டிருப்பது கிலோமீட்டர் கல்லாம். அதை நட்டதே அவர்தானாம்.

அண்ணாச்சி வண்டியில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும், "எண்ணு சரியா ஓடுது, அப்பம் கேபிளும் சரி, டயரும் சரி. கோளாறு மீட்டரு மண்டைக்குள்ளதான். நான் மொதல்லயே சொன்னேன்லா" என்றார். நானும் என் வீட்டுக்காரரும் அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பில் தையல் மெஷினே ஆடிப்போயிற்று.

ஆனால் மண்டையைத் திறக்க மாமி விடவில்லை. "அவர் கை பட்ட மீட்டர். அதைக் கழட்டப்படாது. முள்ளு நன்னாத்தான் இருக்கு. இவன்தான் பறக்கறான்" என்றார். ஒர்க்ஷாப்பிலோ முள் எப்போதும் ஒழுங்கு. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாச்சிக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"உள்ளதச் சொல்லும்வே. காலம்பற நீரு வேகமாத்தான் போறீரோ?"

"அண்ணாச்சி, ஒமக்குத் தொழிலு தெரியலன்னா தெரியலன்னு சொல்லும். என்னைக் கள்ளனாக்காதீரும்."

அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சங்கராந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. தோல் கிடங்கு மேஸ்திரியிடம் ஆள் எடுப்பார்களா என்று என் வீட்டுக்காரர் விசாரித்துவிட்டு வந்தது எனக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை அண்ணாச்சி அச்சுமுறுக்குப் பாத்திரத்தோடு எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு வந்தார். சண்டை வேறு, பண்டிகைப் பலகாரம் வேறு என்பது அவர் வழக்கம். அன்று நல்ல குளிர். என் மூத்தவளுக்குத் தலை வாரிவிட வேண்டும், எண்ணெய் புட்டியில் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அடுப்புப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்திருந்தேன். மார்கழியில் பம்பாயில் எந்தத் தமிழ் வீட்டில் பார்த்தாலும் இதுதான் காட்சி. அண்ணாச்சி தேநீர்க் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டு அந்தப் புட்டியைப் பார்த்தார்.

"ஏ தங்கச்சி, இது எப்பம் எளகும்?"

"வெயிலு வந்தா தன்னால எளகிரும் அண்ணாச்சி. மத்தியானம் தண்ணி மாதிரி ஆயிரும்."

"மறுபடி?"

"மறுபடி விடியக்கால உறைஞ்சிரும்."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரரிடம், பேசாமல் இருந்த ஆளிடம், "மழைக்குப் பொறவு அந்தக் கேபிளு கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டுக் கெடந்துச்சே, அது எப்பம் நின்னுது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "ஆயுத பூஜைக்குப் பொறவு கத்தல" என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். இருவரில் ஒருவருக்கு எதுவோ ஞாபகம் வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. யாருக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மாட்டுங்காவில் மாமி வீட்டு ஷெட்டுக்கு அவர்கள் போனபோது நானும் கூடவே போனேன். வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணாச்சி மாமியிடம், "அம்மா, ஒரே ஒரு தடவ காலையில கழட்டிப் பாக்கணும். சாயங்காலம் கழட்டினா இருக்காது" என்றார்.

"என்ன இருக்காது?"

"தப்பு இருக்காதும்மா."

மாமிக்கு என்ன தோன்றியதோ, காபி டம்ளரோடு வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டு, "என் கண்ணெதிர கழட்டு" என்றார். அண்ணாச்சி மீட்டரைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே நெய் உறைந்தமாதிரி வெள்ளையாக அப்பியிருந்தது. உள்ளே ஒரு காந்தம் சுற்றும், அதற்கு மேலே தொடாமல் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், முள் அந்தக் கிண்ணத்தில்தான் மாட்டியிருக்கும் என்று அவர் எங்களுக்குக் காட்டினார். கேபிள் வழியாக ஏறி வந்த இந்த வெள்ளை இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதுதான் அறுபது. மீட்டரை வெயிலில் நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளை கண்ணாடிபோல ஆகி, அவர் விரல் வழியே வழிந்து, முழங்கை வரைக்கும் வந்தது. மாமி குனிந்து மோந்து பார்த்தார்.

"இது தேங்காயெண்ணெய்னா!"

நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீட்டர்ல தேங்காயெண்ணெயை யார் ஊத்தினா?"

ஊற்றியது டிரைவர் என்றால் அந்த நிமிஷமே வேலை போயிற்று. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் அண்ணாச்சி, "நான்தாம்மா" என்று சொல்லிவிட்டார். "ஆயுத பூஜைக்கு முந்தின நாளு வண்டி ஒர்க்ஷாப்புல நின்னுது. கேபிளு கத்திச்சு. ஆயில் கேனு காலி. பூஜ வெளக்குக்கு வச்சிருந்த எண்ணெய ஊத்திட்டேன்."

"அண்ணாச்சி—" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீரு சும்மா இரும்வே. பெரியவங்க பேசுதோம்லா."

மாமி டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "ஏம்ப்பா, மெக்கானிக்னு பேர் வெச்சுண்டு இப்படிப் பண்ணுவாளா? ஒரு வாயில்லாத டிரைவரை இத்தனை நாள் திட்டியிருக்கேனே! இனிமே என் வண்டியை நீ தொடப்படாது" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "முத்தையா, நீ வண்டியை எடு. கோயிலுக்கு நாழியாறது" என்றார். அவர் வேலை தப்பிவிட்டது. அண்ணாச்சி எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து நடந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, "ஊத்தினது நான்தான்" என்றார். ஆயுத பூஜை அன்று மாமி ஒரு கிண்ணம் நிறையத் தேங்காயெண்ணெய் கொடுத்து, இன்றைக்கு மெஷின் ஆயில் நாற்றம் வேண்டாம், வண்டிக்கு எங்கெங்கே எண்ணெய் போடணுமோ அங்கெல்லாம் இதைப் போடு என்று சொன்னாராம். மிச்சத்தை இவர் கத்துகிற கேபிளில் விட்டாராம். "பொறவு அண்ணாச்சி ஏன் தான்னு சொன்னாரு?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் வெளங்கல" என்றார். அன்றைக்கே சயானுக்கு ஓடினார். அண்ணாச்சியோ பிடிவாதமாக, "ஒமக்குக் கிறுக்கு பிடிச்சிருக்காவே? ஊத்தினது நான். பூஜ வெளக்கு எண்ணெ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாராம்.

அந்தக் கதை மாட்டுங்கா முழுக்கப் பரவியது. அங்கிருந்து கார்கள் வருவது நின்றுபோயிற்று. மீட்டர் மோசஸ் என்று ஒரு பேரும் வந்து ஒட்டிக்கொண்டது. தேங்காயெண்ணெய் இருக்கா அண்ணாச்சி என்று பையன்கள் கூப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். அவர் சயான் இடத்தை விட்டுவிட்டு ஆண்டாப் ஹில்லில் லாரி வேலைக்குப் போனார். பிறகு கோவண்டிக்கு வந்தார். சத்தம் மட்டும் குறையவே இல்லை. என் வீட்டுக்காரர் அந்தப் பச்சைக் காரை மாமி விற்கும்வரை ஓட்டினார். அதன்பிறகும் ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதிலும் கை வைக்கவில்லை. என் மகள் அந்த வேலையில் வந்த சம்பளத்தில்தான் படித்தாள். அவள் மகள், செய்தி படித்துச் சொன்னாளே, அவள் இன்றைக்குக் கார் கம்பெனியில் இன்ஜினியர். எங்கள் வம்சத்தில் முதல் இன்ஜினியர் என்று நான் இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கே எழுதப் போகிறேன்?

வருஷா வருஷம் அச்சுமுறுக்கோடு சண்டையும் வரும். "நான் ஊத்தினேன்." "இல்ல, நான் ஊத்தினேன்." உலகத்தில் இரண்டு ஆம்பிளைகள் தப்பு உன்னுடையது என்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று மல்லுக்கு நின்றவர்கள் இவர்கள்தான். ஒரு தடவை நான் சமாதானமாக, "ரெண்டு பேருமே ஊத்தியிருப்பீங்க" என்று சொன்னேன். இருவரும் ஒன்றுசேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். அவ்வளவு எண்ணெய்க்கு அந்தக் கேபிளில் இடம் ஏது என்று அண்ணாச்சி விளக்கம் வேறு கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் போன பிறகு அண்ணாச்சி துக்கம் கேட்க வந்திருந்தார். கூட்டம் குறைந்ததும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அவுகதான் போயிட்டாவளே அண்ணாச்சி. இப்பமாவது உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

"அவரு கடைசி வரைக்கும் என்ன சொன்னாரு?"

"தான் ஊத்தினதாத்தான்."

"அப்பம் அவரு சொன்னத நீ நம்பு தங்கச்சி. நான் சொன்னத அந்த மாமி நம்பினது போதும்."

இதற்கு என்ன அர்த்தம் என்று நானும் எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். ஊற்றவில்லை என்று சொல்கிறாரா? அல்லது, செத்த மனிதனின் வார்த்தைக்கு எதிராகப் பேசக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறாரா? அவர் ஊற்றியிருந்தால், பெருமை பேசுகிற மனிதர் ஒரு நாள் தன் தப்பைப் பத்துப் பேர் கேட்க ஒத்துக்கொண்டார் என்று ஆகிறது. ஊற்றாமல் சொல்லியிருந்தால், தன் பேரையே எடுத்து எங்களுக்குக் கொடுத்தார் என்று ஆகிறது. இதில் எது பெரியது என்றும் எனக்குத் தெரியவில்லை. என் பேத்தியிடம் கேட்டேன், ஒரு மெக்கானிக் அப்படி எண்ணெய் ஊற்றுவாரா என்று. "ஊத்தவும் செய்வாங்க ஆச்சி, ஊத்தாமலும் இருப்பாங்க" என்றாள். இதற்கா அவளை அவ்வளவு படிக்க வைத்தோம்?

அடக்கத்தன்று எழுதித் தரச் சொன்ன ஸ்டெல்லா, கையை விடாமல் இன்னொன்றும் கேட்டாள். "ஸ்கூல்ல என்னைய மீட்டர் மகள்னுதான் கூப்பிடுவாங்க பெரியம்மா. அப்பாகிட்ட கேட்டா, ஆமா, நான்தான் ஊத்தினேன்னு சிரிப்பாரு. நெஜமாவே அப்பாதான் ஊத்தினாரா? நீங்க அங்க இருந்தீங்கல்ல?"

"தெரியல மக்கா" என்று மட்டும்தான் அன்றைக்கு எனக்குச் சொல்ல வந்தது. அவள் முகம் வாடிப்போனது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் என்னை விடவில்லை. இருவருமே இல்லை. அந்த ஷெட்டில் நின்றவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் இனி நிற்கும்.

ஆகவே அண்ணாச்சியை அறிந்த எல்லோருக்கும், ஜெபக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கும்படி எழுதுகிறேன். மீட்டரில் தேங்காயெண்ணெய் ஊற்றியது மோசஸ் அண்ணாச்சி இல்லை. என் வீட்டுக்காரர் முத்தையா. அவர் தன் வாயால் என்னிடம் சொன்னார். அது நிஜமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, விளங்கவும் போவதில்லை. விளங்காமலேதான் சொல்கிறேன். அண்ணாச்சி அன்றைக்கு எல்லாம் விளங்கித்தான் சொன்னார் என்று யாருக்குத் தெரியும்?

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தத் தப்பைத்தான். இத்தனை காலம் அது உங்கள் வீட்டில் இருந்தது, ஸ்டெல்லா. இனி அது எங்கள் வீட்டில் இருக்கட்டும்.